மணிக்கட்டில் ஒரு கொத்துச்சாவி

லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் கையிலிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் அதைத் திறந்துவிடுகிறது. கடவுச்சொல் அடிக்க வேண்டாம், விரல் வைக்க வேண்டாம். இரண்டு நாள் பழகினால் இப்படியொரு வசதி இருப்பதே மறந்துபோகும். இது பாதுகாப்பானதா என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் கிடையாது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த ஏற்பாட்டைப் போட்ட பிறகு, என் லேப்டாப்பின் உண்மையான பூட்டு எது?

லேப்டாப்புக்கு 14 எழுத்தில் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்கள். வாட்சுக்கு 4 இலக்க எண். லேப்டாப்பை வாட்ச் திறக்கும் என்று அனுமதித்த கணத்திலிருந்து, தூங்கிக்கொண்டிருக்கும் அந்த லேப்டாப்புக்கு 10,000 சாத்தியங்கள் மட்டுமே உள்ள ஒரு பின்வாசல் இருக்கிறது. அந்த வாட்சைப் போன் திறக்கும் என்றும் அனுமதித்திருந்தால், போனின் எண் தெரிந்தவருக்கு வாட்சின் எண்கூடத் தேவையில்லை. 14 எழுத்துக் கடவுச்சொல் வீண் என்று சொல்லவில்லை. மெஷினை அணைத்துப் போட்டாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ லாக்-அவுட் செய்தாலோ முதல் தடவை அதைத்தான் அடித்தாக வேண்டும். வட்டின் மறையாக்கத்தை, அதாவது சாவியில்லாமல் யாரும் தகவலைப் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதைக் காப்பதும் அதுதான். ஆனால் பெரும்பாலானோர் லேப்டாப்பை அணைப்பதே இல்லை. மூடி வைக்கிறோம், திறக்கிறோம். அந்த நிலையில் காவல் நிற்பது வாட்ச்.

ஆகவே முதல் வேலை ஒரு தாளை எடுப்பது. வைத்திருக்கும் சாதனங்களை எல்லாம் எழுதி, எது எதைத் திறக்கும் என்று அம்புக்குறி போடுங்கள். போனிலிருந்து வாட்சுக்கு ஒன்று, வாட்சிலிருந்து லேப்டாப்புக்கு ஒன்று. 2024-இல் வந்த, ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான இயங்குதளமான மேக்ஓஎஸ் செகோயாவில் ஐபோன் மிரரிங் என்ற வசதி இருக்கிறது: பூட்டிய ஐபோனை மேக்கின் திரையிலேயே திறந்து பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வைக்காமல், தானாகவே அனுமதிக்கும்படி வைத்திருந்தால் லேப்டாப்பிலிருந்து போனுக்கு மூன்றாவது அம்பும் வந்துவிடுகிறது. இப்போது அது ஒரு வட்டம். வட்டத்தில் எந்த இடத்தில் உள்ளே நுழைந்தாலும் மற்ற இரண்டும் கிடைக்கும் என்றால், மூன்று பூட்டுகளில் எது பலவீனமோ அதன் பலம்தான் மூன்றுக்கும்.

இன்னொரு வகை அம்பை நிறையப் பேர் வரைய மறப்பார்கள். குறுஞ்செய்திகள் போனிலிருந்து லேப்டாப்புக்கு வருமாறு அமைத்திருந்தால், ஓடிபியும் அங்கேதான் வரும். கடவுச்சொற்கள் பிரவுசரில் சேமிக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் ஒரு காரணி (வந்திருப்பது நீங்கள்தான் என்பதற்குத் தனி ஆதாரம்), ஓடிபி இன்னொரு காரணி என்று வங்கியும் மின்னஞ்சல் சேவையும் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டும் ஒரே திரையில், ஒரே வாட்ச் திறந்த திரையில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அம்புகளில் ஒன்றே ஒன்றை வெட்டலாம் என்றால் இதைத்தான் வெட்டுவேன். செய்தி அனுப்புதலை நிறுத்திவிட்டு ஓடிபியைப் போனில் பார்ப்பது அவ்வளவு பெரிய சிரமம் இல்லை.

அருகில் இருப்பதை எப்படி அளக்கிறது?

தானாகத் திறக்கும் எல்லா ஏற்பாடுகளும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: உரிமையாளரின் சாதனம் அருகில் இருந்தால் உரிமையாளரும் அருகில் இருக்கிறார். இதில் இரண்டு பலவீனங்கள் உண்டு. சாதனம் உண்மையிலேயே அருகில் இருக்கிறதா என்பது ஒன்று. அது அவர் உடம்பில் இருக்கிறதா என்பது மற்றொன்று.

தொலைவை அறிய மலிவான வழி சிக்னலின் பலத்தைப் பார்ப்பது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. வீட்டுக்குள் இந்தக் கணக்கு நிற்காது. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்போ பெரும்பாலும் நீர். வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலே, பல மீட்டர் தள்ளிப் போனதுபோலச் சிக்னல் விழும். அதைவிட முக்கியம், சிக்னலைக் கூட்டுவதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் போதும். பலத்தை வைத்துத் தொலைவை நம்புகிறவனை ஏமாற்றுவது, சத்தமாகப் பேசி “பக்கத்தில்தான் இருக்கிறேன்” என்று நம்பவைப்பது போலத்தான்.

மறையாக்கம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். ரிலே தாக்குதல் மறையாக்கத்தை உடைப்பதே இல்லை. ஒட்டிய கவரைப் பிரிக்காமல் அப்படியே இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அது. ஒருவர் உங்கள் அருகில் ஒரு கருவியோடு நிற்பார், மற்றவர் லேப்டாப் அருகில். இரண்டு கருவிகளும் இடையில் தகவலைக் கடத்தும். இரு முனைகளும் தாங்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளும். 2022 மே மாதம் என்சிசி குரூப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் புளூடூத் லோ எனர்ஜியில், சாதனங்களுக்கு இடையிலான இணைப்பையே கையாளும் அடித்தள அடுக்கில் இதைச் செய்து காட்டினார்கள். டெஸ்லா மாடல் 3 காரை, போன் அருகில் இல்லாதபோதும், போன்-சாவி முறையில் திறந்து ஓட்ட முடிந்தது. அவர்கள் கருவி கூட்டிய தாமதம் 8 மில்லிநொடி அளவுதான். சாதாரணமாகவே புளூடூத் பதில்கள் அந்த அளவுக்கு முன்பின் இருக்கும் என்பதால் கார் சந்தேகப்படவில்லை.

8 மில்லிநொடி நமக்குத்தான் சின்ன நேரம். ஒளிக்கு அது 2,400 கிலோமீட்டர். இங்கேதான் சரியான தீர்வு இருக்கிறது: சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்க்காமல், போய்வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. ரேடியோ அலை 1 நானோநொடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். 3 மீட்டருக்குப் போய்வர 20 நானோநொடி. ஆம்ப்ளிஃபயரால் சத்தத்தைக் கூட்ட முடியும், ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. இந்த எண்ணம் புதிதல்ல; பிராண்ட்ஸ், சாம் என்ற இரு மறையாக்க ஆய்வாளர்கள் 1993-லேயே தொலைவுக்கு வரம்பு கட்டும் நெறிமுறையை (சாதனங்கள் பேசிக்கொள்வதற்கான விதிகளை) எழுதிவிட்டார்கள். கைக்கு அடக்கமான சாதனங்களுக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆப்பிள் வாட்ச் மேக்கைத் திறக்கும் வசதி 2016-இல் மேக்ஓஎஸ் சியராவோடு வந்தது. அது பேச்சைத் தொடங்குவது புளூடூத்தில், தொலைவை அளப்பது இரு சாதனங்களுக்கு இடையிலான நேரடி வைஃபையில். வைஃபையை அணைத்துவிட்டு “புளூடூத் ஆனில்தானே இருக்கிறது, ஏன் திறக்கவில்லை?” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கான பதில் இதுதான். மேக்கிலிருந்து இணையத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தாலும் திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தாலும் இது வேலை செய்யாது.

உள்ளே நடப்பது நேர்த்தியானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேக் 32 பைட் நீளமுள்ள ஒரு ரகசியத்தைத் தற்போக்காக உருவாக்கி வாட்சிடம் கொடுக்கிறது. அடுத்த முறை நீங்கள் கடவுச்சொல் அடித்துத் திறக்கும்போது, அதிலிருந்து பிறக்கும் சாவியை அந்த ரகசியத்தால் பூட்டி வைத்துவிட்டு, தன்னிடமுள்ள ரகசியத்தின் நகலை அழித்துவிடுகிறது. ஆக, பெட்டி மேக்கிடம், பெட்டியின் சாவி வாட்சிடம். வாட்ச் வரம்புக்குள் வந்தால் ரகசியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. திறந்ததும் மேக் புதிய ரகசியம் ஒன்றை உருவாக்குகிறது. பழையது இனிச் செல்லாது. வாட்ச் என்ற கருவியை வெறுமனே அடையாளம் கண்டு கதவைத் திறக்கும் முறைகளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அல்ட்ரா வைட்பேண்ட் என்ற குறுந்தொலைவு ரேடியோ முறை இதே நேர-அளவையை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. 500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலமான அலைக்கற்றையில் மிகக் குறுகிய துடிப்புகள். சென்டிமீட்டர் கணக்கில் தொலைவு. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2020-இல் வெளியிட்ட 802.15.4 இசட் தரநிலை அதற்கு மறையாக்கம் செய்த நேரமுத்திரையையும் சேர்த்தது. அதற்காக இதைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 2022-இல் வெளியான ‘கோஸ்ட் பீக்’ ஆய்வு, இந்த அளவையைச் செய்யும் ஆப்பிளின் யு1 சிப்பை 12 மீட்டர் தொலைவை 0 என்று நம்பவைத்தது. அதிகபட்சம் 4 சதவீத முயற்சிகளில்தான் வெற்றி. ஆனாலும், ஒரே ஒரு அளவையை வைத்து முடிவெடுக்கும் கதவுக்கு 4 சதவீதம் அதிகம். 2024 செப்டம்பரில் வந்த புளூடூத் 6.0-இல் சேனல் சவுண்டிங் என்ற பெயரில் புளூடூத்துக்கும் நேரத்தையும் அலையின் கட்டத்தையும் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) வைத்து அளக்கும் திறன் கிடைத்திருக்கிறது. பழைய சாதனங்களுக்கு அது சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிடாது, சிப்பே வேண்டும்.

பூட்டுவது வேறு, திறப்பது வேறு

விண்டோஸில் டைனமிக் லாக் என்று ஒன்று உண்டு. 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போனால் கிடைக்கும். போனைப் புளூடூத்தில் இணைத்துவிட்டு இதை ஆன் செய்தால், நீங்கள் போனோடு எழுந்து போன சுமார் ஒரு நிமிடத்தில் கணினி பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் திறக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும். இது நான் குறை சொன்ன அதே சிக்னல் பலத்தைத்தான் நம்புகிறது. இருந்தும் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பூட்டும் வேலையில் அளவை பிசகினால் தேவையில்லாமல் ஒரு முறை பூட்டும், அல்லது பூட்ட மறக்கும். எது நடந்தாலும் முன்பிருந்த நிலையைவிட மோசமில்லை. திறக்கும் வேலையில் பிசகினால் கதவு திறந்துகிடக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

டைனமிக் லாக்கின் குறை அந்த ஒரு நிமிடம்தான். மேசையை விட்டு எழுந்ததும் இன்னொருவர் உட்கார்ந்து தட்டத் தொடங்க அது போதும். ஆகவே உடனே பூட்டுவதற்கு, கீபோர்டில் விண்டோஸ் விசையும் ‘எல்’ விசையும், மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், க்யூ சேர்த்து அழுத்துவதும் கைப்பழக்கமாக இருக்கட்டும். மேக்கில் லாக் ஸ்கிரீன் அமைப்பில், திரை அணைந்த பிறகு கடவுச்சொல் ‘உடனே’ வேண்டும் என்று வையுங்கள். வாட்ச் திறந்துவிடும் என்பதால் உடனே பூட்டுவதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை. தானாகத் திறக்கும் வசதியின் மிக நல்ல பயன் இதுதான்: பூட்டுவதை எவ்வளவு கடுமையாக வைத்தாலும் எரிச்சல் வராது.

ஆண்ட்ராய்டு போனில்

ஆண்ட்ராய்டில் இதற்கான வசதி 2014-இல் ஆண்ட்ராய்டு 5.0-உடன் ஸ்மார்ட் லாக் என்ற பெயரில் வந்தது. இப்போது எக்ஸ்டெண்ட் அன்லாக். பெயர் மாற்றத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. திறந்த போனைத் திறந்தே வைத்திருப்பதுதான் இதன் வேலை, அதிகபட்சம் 4 மணி நேரம். மூன்று வழிகள் உண்டு. உடம்போடு இருக்கும்வரை, நம்பகமான இடத்தில் இருக்கும்வரை, நம்பகமான புளூடூத் சாதனம் அருகில் இருக்கும்வரை.

உடம்போடு இருப்பதை அசைவை வைத்து அறிகிறது. யார் உடம்பு என்று தெரியாது. திறந்த போனைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுபவரின் ஓட்டமும் அதற்கு அசைவுதான். நம்பகமான இடம் சுற்றிலும் 80 மீட்டர் ஆரம்வரை விரியலாம். அதாவது உங்கள் வீடு மட்டுமல்ல, பக்கத்து வீடும் எதிர்ச்சாரியும் சேர்த்து. இரண்டையும் அணைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

புளூடூத் சாதனத்தில்தான் யோசிக்க வேண்டியது அதிகம். இணைப்பு 100 மீட்டர்வரை எட்டக்கூடும். எந்தச் சாதனத்தைச் சேர்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. போன் இருக்கும் அதே பையில் கிடக்கும் இயர்பட்ஸ், போனின் புளூடூத் கீபோர்டு ஆகியவற்றை நம்பகமான சாதனமாகச் சேர்ப்பது, பூட்டிலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். பை திருடுபோனால் இரண்டும் சேர்ந்தே போகும், போன் திறந்தே இருக்கும். உடம்பில் கட்டியிருப்பதும், கழற்றினால் தானே பூட்டிக்கொள்வதுமான சாதனம் மட்டுமே இதற்குத் தகுதியானது. இயர்போனுக்கும் கார் ஸ்டீரியோவுக்கும் அந்த இரண்டாவது குணம் கிடையாது. மேலும் பழைய புளூடூத் இணைப்புகளில் 2019-இல் வெளியான ‘நாப்’ தாக்குதல் மறையாக்கச் சாவியின் வலுவை 1 பைட்டுக்குக் குறைக்க முடியும் என்று காட்டியது. 2020-இன் ‘பயஸ்’ தாக்குதல், ஏற்கெனவே இணைத்த சாதனமாகவே ஒருவர் வேஷம் போட முடியும் என்று காட்டியது. பாட்டுக் கேட்கப் போட்ட நெறிமுறையின் மேல் வீட்டுக் கதவை மாட்டக் கூடாது.

எங்கே உண்மையில் உடைகிறது

ரிலே தாக்குதலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் பெரும்பாலானோருக்கு ஆபத்து அங்கிருந்து வருவதில்லை. ஒரே அறையில் இருப்பவரிடமிருந்து வருகிறது. லேப்டாப்பைப் பூட்டிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். யாராவது ஒரு பட்டனைத் தட்டினால் வாட்ச் கடமை தவறாமல் திறந்துவிடும். மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டி அறிவிக்கும் என்பது உண்மை. அந்தத் தட்டுக்குத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. தூங்கும்போதும் வாட்ச் கட்டிக்கொள்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்: கட்டிலருகே லேப்டாப்பைக் கொண்டுவர யாருக்கும் முகவரி சொல்லத் தேவையில்லை.

வாட்சை வைத்து ஐபோனைத் திறக்கும் வசதி 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5-இல், எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலத்தில் வந்தது. அதற்கு ஆப்பிள் வைத்த நிபந்தனைகளைப் பார்த்தாலே எதற்குப் பயந்தார்கள் என்று புரியும். 2 அல்லது 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வாட்ச் உறக்க நிலையில் இருக்கக் கூடாது. வாட்சோ போனோ சற்றுமுன் திறக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அணிந்தவர் விழித்திருப்பதற்கு அடையாளமாக அசைவு தெரிய வேண்டும். கடந்த 6.5 மணி நேரத்துக்குள் போன் ஒரு முறையாவது திறக்கப்பட்டிருக்க வேண்டும். பணம் செலுத்தவோ கடவுச்சொல் நிரப்பவோ இது செல்லாது. இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை உண்டு: மூக்கும் வாயும் மூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது, அது யார் முகம் என்று பார்ப்பதில்லை. கவசம் போட்ட யாரும் உங்கள் அருகில் நின்று உங்கள் போனைத் திறக்கலாம். வாட்சின் திரையில் வரும் ‘போனைப் பூட்டு’ பட்டனை உடனே தொட்டால் போன் பூட்டிக்கொண்டு, அடுத்த முறை எண்ணைக் கேட்கும். 2022 மார்ச்சில் ஐஓஎஸ் 15.4 வந்த பிறகு, ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தையவையும் கண்பகுதியை வைத்தே கவசத்தோடு அடையாளம் காண்கின்றன. அந்தப் போன் வைத்திருப்பவர்களுக்கு வாட்ச் வழி தேவையே இல்லை. அணைத்துவிடலாம்.

போன் வாட்சைத் திறக்கும் அம்பில் ஒரு விசித்திரம் உண்டு. கழற்றி வைத்த உங்கள் வாட்சை வேறொருவர் கட்டிக்கொண்டு அருகில் நிற்கிறார். நீங்கள் வழக்கம்போல உங்கள் போனைத் திறக்கிறீர்கள். வாட்ச் அவர் கையிலேயே திறந்துகொள்ளும். அதன் பிறகு அவர் கழற்றும்வரை அது உங்கள் லேப்டாப்பின் சாவி. மேக்கை வாட்ச் திறக்கும்படி வைத்திருப்பவர்கள் இந்த அம்பை வெட்டிவிட்டு, காலையில் கட்டும்போது ஒரு தடவை எண்ணை அழுத்திக்கொள்வது மேல். அந்த எண்ணும் 4 இலக்கமாக இருக்க வேண்டாம். வாட்சின் பாஸ்கோட் அமைப்பில் ‘சிம்பிள் பாஸ்கோட்’ என்பதை அணைத்தால் நீளமான எண் வைக்கலாம். நாளுக்கு ஒரு முறைதானே.

உங்கள் சாதனங்கள் எவ்வளவு தொலைவில் திறக்கின்றன என்பதை அளந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஓர் அளவுநாடா, கூட ஓர் ஆள். லேப்டாப்பைப் பூட்டுங்கள். வாட்சோடு 1 மீட்டர் தள்ளி நிற்க, கூட இருப்பவர் ஒரு பட்டனைத் தட்டட்டும். திறந்தால் மறுபடி பூட்டிவிட்டு அரை மீட்டர் பின்னால் போங்கள். திறக்காமல் நிற்கும் தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையே முதுகைக் காட்டியும், சுவருக்கு அப்பால் நின்றும் செய்யுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திறக்கிறது என்றால், மேசையை நகர்த்துவதா வசதியை அணைப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம். டைனமிக் லாக் என்றால் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, எழுந்து போனதிலிருந்து பூட்டும்வரை எத்தனை நொடி என்று மூன்று தடவை பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது.

வாட்ச் தொலைந்தால் பதற வேண்டாம். கழற்றிய கணமே அது பூட்டிக்கொண்டிருக்கும், மணிக்கட்டை அறியும் அமைப்பை நீங்கள் அணைக்காதவரை. முதலில் லேப்டாப்பில் வாட்ச் திறக்கும் அனுமதியை நீக்குங்கள், அடுத்து கணக்கில் தொலைந்ததாகக் குறியுங்கள். போன் தொலைந்தால் வரிசை வேறு, ஏனென்றால் அது எல்லா அம்புகளின் தொடக்கம். முதலில் தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுவது, பிறகு கணக்கின் கடவுச்சொல். ஐபோனில் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்த திருட்டுச் சாதனப் பாதுகாப்பை முன்கூட்டியே போட்டிருந்தால், எண் தெரிந்த திருடரும் பழக்கமில்லாத இடத்திலிருந்து கணக்குக் கடவுச்சொல்லை மாற்ற முகத்தையோ விரலையோ காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது.

ஆண்ட்ராய்டில் நம்பகமான சாதனங்களின் பட்டியலையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு விற்ற காரின் ஸ்டீரியோ இன்னும் அங்கே இருக்கக்கூடும்.